கோசோங் போட்ட பரமேஸ்வரன்

முதலில் தலைக்கவசத்துக்கு ஒரு நாற்காலி, அப்புறம்தான் தனக்கு. புக்கிட் ரம்பாயில் வீரமுத்துவின் சாப்பாட்டுக் கடைக்குள் பரமேஸ்வரன் நுழைந்தால் இந்த வரிசை மாறுவதில்லை. சுவரோரமாக இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய மேசை அவருடையது. ஒரு நாற்காலியில் தலைக்கவசத்தை, முகக்கண்ணாடி தன்னைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, எதிரே தான் உட்காருவார். "தே ஓ கோசோங். தோசை ரெண்டு. சட்னி தனியா." இதுவும் மாறுவதில்லை. தேநீர் வரும்வரை தலைக்கவசமும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கோசோங் என்பது மலாய்ச் சொல். ஆனால் மலாக்காத் தமிழர் வாயில் அது பெறும் உழைப்பைப் பார்த்தால் சொந்தச் சொல்லுக்குக்கூட அவ்வளவு வேலை வைக்க மாட்டோம். சீனியும் பாலும் சேராத தேநீர் கோசோங். ஒன்றும் வைக்காத ரொட்டி கோசோங். தொலைபேசி எண்ணில் வரும் பூஜ்யம் கோசோங். ஆளில்லாத வீடு, எழுதாத தாள், சரக்கேறாத லாரி எல்லாமே கோசோங். கூட்ட நேரத்தில் யாராவது நாற்காலியின் முதுகில் கைவைத்து, "அண்ணே, இது கோசோங்கா?" என்று கேட்டால், ஆள் வராவிட்டால் இழுத்துக்கொள்கிறேன் என்று பொருள்.

தலைக்கவசத்துக்கு நாற்காலி கிடைத்ததே அந்தக் கேள்வியால்தான். மனைவி சாந்தி இறந்து, காரியங்கள் முடிந்து, வந்த உறவெல்லாம் திரும்பிப் போன பிறகு பரமேஸ்வரன் முதன்முதலாகத் தனியாக இந்தக் கடைக்கு வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. பின்மேசையில் ஒரு பெரிய குடும்பம் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டிருந்தது. அதில் ஒருவர் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கோசோங்தான்" என்றார் இவர். வேறென்ன சொல்வது? எதிர் நாற்காலி கறகறவென்று தரையில் இழுபட்டுப் போயிற்று. எதிரே சுவரும், நாற்காலி இருந்த இடத்தில் கசங்கிய காகிதக் கைக்குட்டை ஒன்றும் மட்டும் மிஞ்சின. தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து தலைக்கவசம் உட்காருகிறது. தலைக்கவசம் வைத்த நாற்காலியை இந்த ஊரில் யாரும் தொட மாட்டார்கள். யாரோ கை கழுவப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"ராஜா வந்தாச்சு, மேசையத் தொடைங்கப்பா!" என்று வீரமுத்து கல்லாவிலிருந்து குரல் கொடுப்பார். மலாக்காவை உண்டாக்கிய அரசனின் பெயரை வைத்துக்கொண்டு இந்த ஊரில் வாழ்ந்தால் இந்தக் கேலிக்குத் தப்ப முடியாது. ராஜாவுக்கு ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. பிளாஸ்டிக் மூடி வார்க்கும் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் உத்தியோகம். சட்டைப்பையில் ஒரு டார்ச் விளக்கு, இடுப்பில் சாவிக்கொத்து, எந்தச் சோப்புக்கும் மசியாத நகத்தழுக்கு. பேசுவது குறைவு. பேசினால் கேட்பவர் கொஞ்சம் கிட்டே வர வேண்டியிருக்கும்.

தொழிற்சாலையில் அவர் குரல் உயர்வது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கவாட்டிலும் ஒரு சோதனைத் தாள் தொங்கும். எண்ணெய் எத்தனை இடத்தில் கசிகிறது, எத்தனை திருகு தளர்ந்திருக்கிறது என்று கட்டம் கட்டமாக எண் எழுத வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் குறையில்லாத இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். அப்போது பரமேஸ்வரனுக்குக் கோபம் வரும். "கட்டம் சும்மா இருக்கக் கூடாது லா! ஒண்ணுமில்லன்னா கோசோங் போடு. சும்மா வுட்டா நீ பாக்கவே இல்லன்னு அர்த்தம். ஆடிட்டர் வந்தா யாரு பதில் சொல்றது?" இருபது வருடத்துக்கு மேல் இதைச் சொல்லிச் சொல்லி, அவர் கையே வெறும் கட்டத்தைக் கண்டால் பொறுக்காத கையாகிவிட்டது.

வீட்டுக்குப் போனால் சத்தமில்லை. வரிசை வீடுகளில் நடுவீடு. மகள் தாரணி ஜொகூரில் இருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். விடியுமுன் கிளம்பி இருட்டியபின் வருகிற பெண்ணிடம் போனில் எவ்வளவு பேசிவிட முடியும்? "சாப்டீங்களாப்பா?" "ஆச்சும்மா, நீ?" அதற்குள் அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும். பரமேஸ்வரன் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டு மலாய் அம்மாள், பகலெல்லாம் விளக்கெரிகிறதே என்று அக்கறையாகப் பலமுறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் இவர், "லூப்பா, மக்சிக், லூப்பா" என்று, மறந்துவிட்டதாகச் சொல்லித் தலையைச் சொறிந்துகொள்வார். மறதியெல்லாம் இல்லை. மாலையில் தெருமுனை திரும்பும்போது தன் வீட்டில் வெளிச்சம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதர் திடீரென்று பொறியியல் பட்டப்படிப்பில் சேரப் போகிறேன் என்றதும் தொழிற்சாலையே சிரித்தது. மலாக்கா டவுனில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில், வேலை அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொண்டு, வேலை பார்ப்பவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார்கள். "டிகிரி இருந்தா இன்ஜினியராப் போடுவாங்க" என்று மேலாளரிடம் சொன்னார். "மூளை துருப்புடிச்சிடும்மா, அதான்" என்று மகளிடம் சொன்னார். இரண்டும் பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் ஒரு கதவின் கண்ணாடி.

விவரம் விசாரிக்கப் போன மாலையில், அலுவலகம் எங்கே என்று தெரியாமல் மாடித் தாழ்வாரத்தில் அலைந்துகொண்டிருந்தார். ஒரு வகுப்பறைக் கதவில் சின்னக் கண்ணாடி. எட்டிப் பார்த்தார். உள்ளே தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாயைப் பிளந்து தூங்கினார். ஒரு பிஸ்கட் பொட்டலம் வரிசையில் கைமாறிக் கைமாறிப் போனது. கடைசி ஆளிடம் சேரும்போது அதில் ஒன்றுமில்லை. அவர் பொட்டலத்தைக் கவிழ்த்துக் காட்ட, வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பரமேஸ்வரன் அந்தக் கண்ணாடியிலேயே நின்றுவிட்டார். செவ்வாயும் வியாழனும் மாலையில் அந்த வரிசையில் ஓர் இடம் வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. பட்டம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். பொட்டலம் தன் கைக்கும் வர வேண்டும்.

அதற்கு நடுவில் ஒரு தடை இருந்தது. பொறியியலில் சேருகிற எல்லாரும் முதலில் கணக்கில் ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். தேறினால் நேராக வகுப்பு. தேறாவிட்டால் ஒரு பருவம் முழுவதும் அடிப்படைக் கணக்கை ஆன்லைனில், அவரவர் வீட்டில் இருந்தபடி படித்து முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் வகுப்பு. முதல் பருவத்தில் கணக்கைத் தவிர வேறு பாடமும் கிடையாது. மற்றவர்களுக்கு இது ஒரு பருவத் தாமதம். பரமேஸ்வரனுக்கு இது அந்த வீட்டுக்குள்ளேயே திரும்பவும் போய் உட்காருவது.

ஆகையால் விழுந்து விழுந்து படித்தார். அவர் கணக்குக்கு மூன்று மொழி. சுங்கை ரம்பாய்ப் பக்கத்து எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் கற்ற வாய்ப்பாடு தமிழில்தான் வரும். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது தலைக்கவசத்துக்குள் "ஏழெட்டு அம்பத்தாறு, எட்டெட்டு அறுவத்தி நாலு" என்று முணுமுணுப்பார். இடைநிலைப் பள்ளியில் படித்த சூத்திரமெல்லாம் மலாயில் கிடந்தன. தேர்வோ ஆங்கிலத்தில். மூன்றையும் சேர்த்துக் கட்டுவதற்கு, கைப்பேசியில் தமிழ்நாட்டு வாத்தியார்களின் கணக்குக் காணொளிகளைக் கடையிலேயே பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் ஒரு வாத்தியார் உரத்த குரலில், "இப்போது மூலங்களைக் கண்டுபிடிப்போம். இரண்டு மூலம் இருக்கிறது" என்றார். கல்லாவிலிருந்து வீரமுத்து பதறி வந்து குனிந்து, "ராஜா, ஒங்களுக்குமா? எம்மச்சானுக்கு ஒண்ணுக்கே உக்கார முடியல. கூச்சப்படாதீங்க, நல்ல மருந்து இருக்கு" என்றார். அது சமன்பாட்டின் மூலம் என்று புரியவைப்பதற்குள் தோசை ஆறிவிட்டது. அன்றைக்குப் பரமேஸ்வரன் சிரித்ததைக் கடையில் எல்லாரும் பார்த்தார்கள்.

தேர்வன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். கணினி அறைக்குள் நுழைந்ததும் இளசுகள் சில எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றன. "மார்னிங், மார்னிங்" என்று தலையசைத்துக்கொண்டே போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். பெயர் விமலன், முப்பதைத் தாண்டியவன், ஆயர் குரோவில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை. "நானும் வயசானவன்தாண்ணே, பயப்படாதீங்க. பாஸ் பண்ணிட்டு ஒண்ணாவே உக்காருவோம்" என்றான். இந்த ஒரு வாக்கியத்தைப் பரமேஸ்வரன் தேர்வு முழுவதும் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

தேர்வை நடத்திய மலர்விழி கணக்கு விரிவுரையாளர். விதிகளை ஆங்கிலத்தில் சொன்னார், மலாயில் சொன்னார். பிறகு பரமேஸ்வரனின் முகத்தைப் பார்த்துப் பரிவோடு தமிழிலும் சொன்னார்: "தெரியாததுக்கு கெஸ் பண்ணாதீங்கண்ணே. தப்புக்கு மார்க் வெட்டும். தெரியலன்னா கோசோங் வுட்டுடுங்க."

பரமேஸ்வரன் தலையாட்டினார். திரையில் கேள்விக்குக் கீழே கேள்வியாக வந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் விடை எழுத ஒரு கட்டம். இயற்கணிதம் நன்றாக வந்தது. மடக்கையும் முக்கோணமும் வந்தன. நுண்கணிதத்தில் பாதி வரவில்லை. வராத இடத்திலெல்லாம் இருபது வருடப் பழக்கம் விரலைப் பிடித்து நடத்தியது. கட்டம் சும்மா இருக்கக் கூடாது. கோசோங் போட்டார். ஒரு கட்டம் பாக்கியில்லாமல் பார்த்து முடித்து, ஷிப்ட் மாறும்போது சோதனைத் தாளைச் சரிபார்க்கிற அதே திருப்தியோடு எழுந்து வந்தார். மாலையில் வீரமுத்துவிடம், "செவ்வாக்கிழமலேர்ந்து சீக்கிரமே போயிடுவேன். கிளாஸு" என்றார்.

முடிவு கைப்பேசிக்கு வந்தபோது இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார். தேறவில்லை. மிகக் கொஞ்சத்தில் தவறியிருந்தது. எழுந்து கை கழுவினார், திரும்பவும் ஒருமுறை பார்த்தார். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனார்.

மலர்விழி அவருடைய விடைகளைத் திரையில் திறந்தார். பார்க்கப் பார்க்க அவர் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று.

"என்னாண்ணே இது, இவ்ளோ கோசோங்?"

"தெரியாததுக்கு நீங்கதான் கோசோங்னு சொன்னீங்க, மேடம்."

"வுடச் சொன்னேண்ணே."

"போட்டேன், மேடம்."

"போடச் சொல்லலியே. வுடச் சொன்னேன். ஒண்ணும் எழுதாம சும்மா வுடணும். நீங்க பூஜ்யத்த எழுதிட்டீங்க. கம்ப்யூட்டர் அத ஆன்சர்னு எடுத்து ஒவ்வொண்ணுக்கும் மார்க்க வெட்டிருச்சு."

பரமேஸ்வரன் திரையைப் பார்த்தார். போடு, விடு. மெல்ல உறைத்தது. "எங்க கம்பெனில சும்மா வுட்டா ஆடிட்டர் திட்டுவான் மேடம்" என்றார். மலர்விழி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். பரமேஸ்வரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக் குமாஸ்தா திரும்பிப் பார்த்தார். யாரோடாவது சேர்ந்து இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அந்த நேரத்திலும் பரமேஸ்வரனுக்குத் தோன்றியது.

"இதுல ஒரு கோசோங் மட்டும் ரைட்டுண்ணே" என்று கண்ணைத் துடைத்தபடி மலர்விழி திரையில் காட்டினார். "இந்தக் கேள்விக்கு ஆன்சரே கோசோங்தான்."

"அது தெரிஞ்சே போட்டது, மேடம்."

மலர்விழியின் சிரிப்பு நின்றுவிட்டது. பரமேஸ்வரன் முன்னாலேயே கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். நீண்ட நேரம் மன்றாடினார். முடிவுகள் பூட்டப்பட்டுவிட்டன, அடுத்த சேர்க்கையில்தான் மறுதேர்வு என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "பரவாலண்ணே. ஆன்லைன்ல முடிச்சிட்டா அடுத்த செமஸ்டர் நேரா கிளாஸுக்கு வந்துடலாம். வீட்லயே நிம்மதியா ஒக்காந்து படிங்க. ஒரு தொந்தரவும் இல்ல."

அந்தத் தொந்தரவுக்காகத்தான் நான் வந்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நிம்மதி வீடு முழுக்கக் கிடந்தது; அள்ளிக் கொடுக்கலாம். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கிளாஸுல சும்மா பின்னாடி ஒக்காந்துக்கலாமா மேடம்? கேள்வியெல்லாம் கேக்க மாட்டேன்."

"பேரு இல்லாத ஆள உள்ள வுட்டா என்னையத்தாண்ணே கேப்பாங்க" என்றார் மலர்விழி. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "லைப்ரரி, கேண்டீன் எல்லாம் நீங்க வரலாம். ஸ்டூடண்ட் கார்டு இருக்குல்ல."

செவ்வாய்க்கிழமை மாலை பரமேஸ்வரன் வழக்கம்போல் வீரமுத்துவின் கடைக்கு வந்தார். தலைக்கவசத்தை உட்காரவைத்தார், தான் உட்கார்ந்தார். வீரமுத்து கல்லாவை விட்டே எழுந்து வந்துவிட்டார். "என்னா ராஜா, இன்னிக்கி கிளாஸுன்னீங்க? மொத நாளே பொந்தேங்கா?" என்று கேட்டார். வகுப்புக்கு மட்டம் போடுவதைத்தான் இந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். பரமேஸ்வரன் பதில் சொல்ல வாயெடுத்தார். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பொய் சொல்ல வரவில்லை. "இல்லல்ல, போய்க்கிட்டேதான் இருக்கேன்" என்று சொல்லி, வந்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுத் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய மோட்டார், டவுன் பக்கம் திரும்பியது.

கல்லூரிக் காவலாளி மாணவர் அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். நூலகம் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. பரமேஸ்வரன் மாடிக்கு ஏறினார். அந்தக் கதவு சாத்தியிருந்தது. எதிரே சுவரோரமாக ஒரு மரப்பெஞ்சு. ஒரு பக்கம் தலைக்கவசத்தை வைத்து மறுபக்கம் தான் உட்கார்ந்து, மகள் கொடுத்துவிட்டுப் போன பழைய மடிக்கணினியைத் திறந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டார். அடிப்படைக் கணக்கு, பாடம் ஒன்று. யாரோ முகமில்லாத ஒருவர் பின்னங்களைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காதில் மட்டும் அதைக் கேட்டார். மற்றக் காதைத் திறந்தே வைத்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. மலர்விழி ஏதோ சொல்ல, எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பரமேஸ்வரன் பாடத்தை நிறுத்திவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை இருந்தார். தனக்கு இங்கே என்ன வேலை, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம் பிடுங்கித் தின்றது. இரண்டு தடவை மடிக்கணினியை மூடினார். இரண்டு தடவையும் திறந்தார்.

இடைவேளைக்குக் கதவு திறந்தது. கும்பலாக வெளியே வந்தவர்கள் அவரைக் கடந்து படியிறங்கிப் போனார்கள். ஒருவரும் நின்று வணக்கம் சொல்லவில்லை. தாழ்வாரம் மறுபடியும் அமைதியாகிவிட்டது. பரமேஸ்வரன் தலையைக் குனிந்து பின்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியில் யாரோ திரும்பி ஏறி வரும் சத்தம். விமலன். ஒரு கையில் காகிதத் தட்டு, அதில் கறிபாப் பலகாரம். மறுகையில் தேநீர்க் கோப்பை. அவரை எங்கே பார்த்தோம் என்று அவனுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் வகுப்பறைக் கதவையும் மடிக்கணினியையும் பார்த்தான். பெஞ்சிலிருந்த தலைக்கவசத்தைத் தாடையால் சுட்டிக் காட்டினான்.

"அண்ணே, இது கோசோங்கா?"

பரமேஸ்வரன் காதுக் கருவியைக் கழற்றினார். தலைக்கவசத்தைத் தூக்கித் தரையில், தன் காலடியில் வைத்தார். அது இருந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டார்.